எந்த ஆபீஸ், தம்பி?

எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலைக்கு ‘ஆபீஸ்’ என்றுதான் பெயர். பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். “அம்மா ஆபீஸுக்குப் போயிருக்காங்க” என்று ஆனைக்குட்டத்துப் பையன் ஒருவன் சொன்னால், அந்த அம்மா எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இது தெரியாத ஊருக்குத்தான் என் சின்னம்மா மகன் நேர்காணலுக்குப் போனான். கோவையில் ஒரு நடுத்தர நிறுவனம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர்கள் தேவை என்று விளம்பரம்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் முதலில் கேட்டது: “அப்பா என்ன பண்றார்?”

“அப்பா இல்லைங்க சார். அம்மா ஆபீஸ்ல வேலை பாக்காங்க.”

“எந்த ஆபீஸ், தம்பி?”

“பயர் ஆபீஸ் சார்.”

அவர் தீயணைப்பு நிலையம் என்று நினைத்துக்கொண்டார். “ஓ, கவர்ன்மென்ட்டா?” என்று முகம் மலர்ந்தது. இவன் விளக்கினான். மலர்ந்தது அடங்கியது. அடுத்து, “ஊர்ல எந்தப் பக்கம் வீடு?” அதற்கும் பதில் சொன்னான். லேத் பற்றி இரண்டு கேள்வி, வரைபடம் பற்றி ஒரு கேள்வி. “சொல்லி அனுப்புறோம்.” போக வர பஸ் செலவு, ஒரு நாள் சாப்பாடு, கடன் வாங்கிய ஷூ. ஒரு வாரம் கழித்து இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முன் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தான். செல்போனில் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டது. வந்த அழைப்பு மூன்று. அதில் ஒன்று பணம் கட்டச் சொன்ன மோசடி. வேலை கிடைக்காததற்குக் காரணம் தன் தன்னம்பிக்கைக் குறைவு என்று யாரோ யூடியூபில் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தான். வேலை தேடுவது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசு, ஆங்கிலம் பழகு, தொடர்புகளை வளர்த்துக்கொள். கடைசி அறிவுரையைக் கேட்டுவிட்டு அவன் என்னிடம் கேட்டான்: “யார்கூடக்கா தொடர்ப வளக்க? நமக்குத் தெரிஞ்ச எல்லாரும் வேன்ல போறவங்கதான.”

வேன் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களில் காலையில் ஆலை வேன் தெருமுனைக்கு வரும். இங்கே கூலி வேலையை யாரும் தேட வேண்டியதில்லை. அது வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும். கையில் முன்பணம்கூடத் தந்து கூட்டிப் போகும். அதே ஆலையின் கேட்டுக்குள் இன்னொரு வேலையும் இருக்கிறது. கணக்கு எழுதுவது, ஆர்டர் பார்ப்பது, லேபிள் வடிவமைப்பது, பிற மாநிலங்களுக்குப் போய் வியாபாரம் பேசுவது. அந்த வேலைக்கு ஆள் தேவை என்று தெருமுனையில் யாரும் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. நோட்டீசும் பார்த்ததில்லை. என் அம்மா பதினெட்டு வருடம் அந்த கேட்டுக்குள் போய் வந்தார். ஆபீஸுக்குள்ளே ஒரு ஆபீஸ் இருப்பது அவருக்குத் தெரியும், அங்கே ஆள் எடுப்பது எப்படி என்பது மட்டும் தெரியாது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். வேலை தேடுவது ஒரு தனி ஆளின் திறமை என்று நமக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது செய்தி யார் வழியாக யாருக்குப் போய்ச் சேர்கிறது என்கிற விவகாரம். அந்த வழிகள் இந்த நாட்டில் சாதியின்படி வெட்டப்பட்ட வாய்க்கால்கள். ஆகவே நம் பிள்ளைகள் தனித்தனியாக உட்கார்ந்து செல்போனைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கூட்டாக வேலை தேட வேண்டும்.

முதலில் பயோடேட்டா. தம்பி வைத்திருந்தது கணினி மையத்தில் இருபது ரூபாய்க்கு அடித்துத் தரும் அந்தப் பழைய படிவம். பெயர், தந்தை பெயர், தந்தை தொழில், பிறந்த தேதி, மதம், சாதி, திருமண நிலை, நிரந்தர முகவரி. இத்தனைக்கும் பிறகு பக்கத்தின் அடியில் படிப்பு. இரண்டாம் பக்கத்தில், எந்த இயந்திரத்தில் வேலை தெரியும் என்று ஒரே ஒரு வரி. ஒரு லேத் ஆபரேட்டருக்கு இதில் எது தேவை? முகவரியில் ‘காலனித் தெரு’ என்று வேறு இருந்தது.

சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் செய்த ஆய்வு 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் வந்தது. ஆங்கிலச் செய்தித்தாள்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களைத் தபாலில் அனுப்பினார்கள். தகுதி சமம், பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிக் குடும்பப் பெயர், ஒன்றில் தலித் குடும்பப் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 100 என்று வைத்துக்கொண்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ 67, முஸ்லிம் பெயருக்கு 33. நேரில் பார்க்கவில்லை, குரல் கேட்கவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசினார்களா என்று சோதிக்கவும் இல்லை. காகிதத்தில் இருந்த பெயர் மட்டும். 2004இல் அமெரிக்காவில் பெர்ட்ராண்டும் முல்லைநாதனும் வெளியிட்ட ஆய்வும் இதே முறைதான். வெள்ளையர் பெயர் கொண்டவருக்கு ஓர் அழைப்பு வர ஏறத்தாழ 10 விண்ணப்பம் போதுமாக இருந்தது, கறுப்பினத்தவர் பெயருக்கு 15 தேவைப்பட்டது.

நம் மாநிலத்துக்காரர்கள் உடனே சொல்வார்கள், இங்கே பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது என்று. பெருமைப்பட வேண்டியதுதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண் இது. ஆனால் பெயரில் இருந்து போனது முகவரியில் உட்கார்ந்துகொண்டது. வடக்கே குடும்பப் பெயரைப் படித்தால் முடிந்தது, இங்கே ஊர் எது, எந்தப் பக்கம், எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கிறார்கள். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்தும் பொதுப் புழக்கத்தில் இருந்தும் நீக்குவதாக அறிவித்ததன் காரணம் இதுதானே. அந்தச் சொல் முகவரி இல்லை, அடையாளக்குறி. அறிவிப்பு வந்துவிட்டது. தம்பியின் ஆதாரில் இன்னும் அப்படியே இருக்கிறது.

அவன் பயோடேட்டாவில் மதம், சாதி, தந்தை தொழில், திருமண நிலை எல்லாவற்றையும் அடித்தேன். முகவரிக்குப் பதில் ‘விருதுநகர் மாவட்டம்’, செல்பேசி எண், மின்னஞ்சல். ஒரே பக்கம். முதல் பாதியில் அவன் ஓட்டிய இயந்திரங்கள், செய்த புராஜெக்ட், கோடை விடுமுறையில் சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆப்செட் இயந்திரத்துக்கு உதவியாளாக இருந்த நாற்பது நாள். அந்த நாற்பது நாளை அவன் எழுதவே இல்லை. “அது கூலி வேலதானக்கா” என்றான். அங்கே ரோலர் கழற்றி மாட்டியிருக்கிறான், பேரிங் மாற்றியிருக்கிறான். இதையே வேறு வீட்டுப் பையன் செய்திருந்தால் ‘இன்டர்ன்ஷிப்’ என்று தலைப்பே போட்டிருப்பான். நம் வீடுகளில் உழைப்பு எக்கச்சக்கம், அதை அனுபவம் என்று எழுதும் பழக்கம்தான் இல்லை.

அணைக்கரையில் உட்கார்ந்துதான் இந்தத் திருத்தமெல்லாம். அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே கட்டிய அணை, எங்கள் ஊருக்கு வெளியூரில் பெயர் இருப்பதே அதனால்தான். அடித்து முடித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அப்போ நான் ஊர மறைக்கணுமாக்கா?”

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. சாதியை மறைத்து வாழ்வதன் விலை என்னவென்று நமக்கு அம்பேத்கர் எழுதி வைத்திருக்கிறார். வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். கொலம்பியாவில் படித்த படிப்பும் மன்னரின் உதவித்தொகையும் சேர்ந்துகூட அந்த வாசலில் அவருக்கு உதவவில்லை. ஒரு பெயருக்குள் ஒளிந்திருப்பவன் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பயத்தை என் தம்பிக்கு நான் வேலையோடு சேர்த்து வாங்கித்தர மாட்டேன்.

நான் சொன்னது இதுதான்: “பொய் சொல்லாத. வேற ஊரு, வேற தெருன்னு சொல்லாத. வேலைக்குச் சம்பந்தமில்லாதத நீயா முன்னாடி எடுத்து வைக்காத, அவ்ளோதான். கேட்டா நேராச் சொல்லு, சொல்லிட்டுப் பேச்ச வேலைக்குத் திருப்பு.” அரசு வேலைக்கோ உதவித்தொகைக்கோ சாதிச் சான்றிதழ் கேட்டால் தலைநிமிர்ந்து கொடுக்க வேண்டும், அது உரிமைக்கான தாள். தனியார் நிறுவனத்தின் முதல் வடிகட்டலுக்கு அது தேவையில்லை. இந்த வேறுபாட்டை அவன் ஏற்றுக்கொண்டானா என்று கேட்டால், அரை மனதோடுதான். எனக்குமே முழு மனதில்லை. பிரான்சில் 2009, 2010 வாக்கில் பெயரும் முகவரியும் இல்லாத விண்ணப்பங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக, அதில் பங்கேற்ற நிறுவனங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு நேர்காணல் வாய்ப்பு குறைந்தது. பங்கேற்க முன்வந்ததே ஓரளவு நல்ல மனம் கொண்ட நிறுவனங்கள், பின்னணி தெரிந்தால் குறைகளைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். நம் ஊரில் அப்படிப் பொறுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் வரிசையில் நிற்கவில்லை என்பதால் நான் என் முடிவை மாற்றவில்லை. ஆனாலும் தாளில் இருந்து நீக்குவதால் தீரும் காரியம் இல்லை இது. நேர்காணல் என்று ஒன்று இருக்கிறதே.

சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் அதே 2007இல், பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் 25 மேலாளர்களைச் சந்தித்துப் பேசி எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குத் திறமை மட்டும்தான் முக்கியம் என்பார்கள். அடுத்த மூச்சிலேயே குடும்பப் பின்னணி கேட்போம் என்பார்கள். அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் என்ன படித்தார்கள் என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் இருந்து ஒருவரின் குணத்தையும் ஒழுங்கையும் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. கோவைக்காரர் கேட்ட “எந்த ஆபீஸ், தம்பி?” அந்த வகைதான். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்பாகக்கூடக் கேட்டிருப்பார்.

இனி, தொடர்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் எப்படி வேலை கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்தவர் மூலம்தான் கிடைத்திருந்தது. அந்தத் தெரிந்தவர் நெருங்கிய நண்பரோ உறவினரோ இல்லை, எப்போதாவது பார்க்கும் ஆள். காரணம் எளிது. நம்மோடு எப்போதும் இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். தூரத்துப் பழக்கம்தான் வேறு இடத்துச் செய்தியைக் கொண்டுவரும். இதைப் படித்தபோது எனக்கு வேன் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் அன்புக்கும் ஒட்டுறவுக்கும் குறைவில்லை, சாவு வீட்டில் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். அந்த ஐம்பது பேருக்கும் தெரிந்த வேலை ஒன்றே.

தூரத்துப் பழக்கம் ஏன் எங்களுக்கு இல்லை? டீக்கடை வேறு, கோயில் வேறு, சுடுகாடு வேறு என்று வைத்துவிட்டு, பிறகு எங்கள் பிள்ளைகளைப் பார்த்துத் தொடர்புகளை வளர்த்துக்கொள் என்றால் எப்படி?

விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசும்போது நாடார் சமூகத்தின் வரலாற்றைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயிலுக்குள் விடப்படாமல் நின்றவர்கள், 1899இல் சிவகாசியில் தாக்கப்பட்டவர்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுவில் சேர்த்தார்கள். அந்தப் பொதுப்பணத்தில் விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது, காமராசர் படித்த பள்ளி அது. 1910இல் மகாஜன சங்கம், 1921இல் தூத்துக்குடியில் ஒரு வங்கி. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள், குட்டி ஜப்பான் என்று பெயரெடுத்த ஊரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. தனித்தனியாகத் தட்டினால் திறக்காத கதவைச் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். இதில் கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது, நான் மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் பிறப்பை நுழைவுச் சீட்டாகக் கொண்ட கூட்டுறவு எதுவானாலும், தான் தள்ளித் திறந்த கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும். இன்று எல்லாச் சாதிச் சங்கங்களுக்கும் வேலைவாய்ப்பு வாட்சப் குழு இருக்கிறது. நம்மவர்களும் அப்படி ஒன்று தொடங்கினால் என்ன என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். என் பதில், தொடங்குவோம், அதன் கதவில் சாதியை எழுத வேண்டாம்.

1975இல் நேதன் அஸ்ரின் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். வேலையில்லாதவர்களில் ஒரு பகுதியினரைக் குழுவாகத் தினமும் கூட வைத்தார்கள். இருவர் இருவராக ஜோடி சேர்ந்து ஒருவர் தொலைபேசியில் பேச மற்றவர் கேட்டுத் திருத்த வேண்டும். தனக்கு ஒத்துவராத வேலைச் செய்தியை மற்றவருக்குத் தர வேண்டும். பயோடேட்டாவைச் சேர்ந்து எழுத வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போலத் தனியாகத் தேடினார்கள். இரண்டு மாதத்தில் குழுவில் இருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது, தனியாகத் தேடியவர்களில் 55 சதவீதம். இல்லினாய்ஸ் வேறு, இருக்கன்குடிச் சாலை வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதற்குத் தேவைப்பட்டது ஓர் அறை, ஒரு தொலைபேசி, ஒரு நோட்டு. அறிவுரையைவிட மலிவு.

எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலை கூட ஆரம்பித்தோம். பதினோரு பேர். ஐடிஐ, டிப்ளமோ, பி.காம், ப்ளஸ் டூவோடு நின்றவர்கள். ஐந்து பேர் பெண்கள். நான் மதுரையில் இருந்து மாதம் இரண்டு ஞாயிறு போகிறேன். முதல் வாரம் ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொன்னேன்: உனக்குத் தெரிந்த, இந்த ஊரில் இல்லாத மனிதர்கள் யார் யார்? கூடப் படித்தவன், சீனியர், வாத்தியார், லாரி ஓட்டும் மாமா, திருப்பூரில் இருக்கும் அத்தை மகள், முன்பு வேலை பார்த்த அச்சகத்து மெக்கானிக். யாருமே இல்லை என்று ஆரம்பித்தவர்கள்கூட எட்டுப் பத்துப் பேரை எழுதினார்கள். பதினோரு பேர் பட்டியலையும் ஒரே நோட்டில் சேர்த்தபோது தொண்ணூற்றுச் சொச்சம் பெயர். அந்த நோட்டு இப்போது எல்லாருக்கும் பொது. அவர்களிடம் வேலை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் மனிதர்கள் போனை எடுக்க மாட்டார்கள். “உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறது எப்படி, எந்த மாசம், யார்கிட்ட பேசணும்?” என்று மட்டும்.

போனில் பேசும் பயிற்சிதான் எங்களுக்கு ரொம்ப நேரம் பிடிக்கிறது. “சார் வணக்கம்” என்றதும் குரல் இறங்கிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக இறக்கப்பட்ட குரல், இரண்டு ஞாயிற்றில் ஏறிவிடாது. “அப்பா என்ன பண்றார்?” என்ற கேள்விக்கும் ஒத்திகை பார்க்கிறோம். “அம்மா பட்டாசுத் தொழிலாளி சார். நான் சி.என்.சி. பயிற்சி முடிச்சிருக்கேன், அதப் பத்திச் சொல்லட்டுமா?” இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வாயால் சொல்வது சுலபம், அந்த முதல் வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்லப் பழகுவதற்கு எங்கள் பி.காம் பெண்ணுக்கு நான்கு வாரம் ஆனது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் வேலை தேடுவதில் ஒரு பகுதி. தனியாரில் இடஒதுக்கீடே கிடையாது என்று எல்லாரும் சொல்கிறோம். தொழிற்பழகுநர் சட்டம், 1961 என்று ஒன்று இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், தனியாராக இருந்தாலும், தம் ஆள்பலத்தில் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும். அதே சட்டத்தின் 3ஏ பிரிவு, அந்தப் பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு தரச் சொல்கிறது. பிறகு பிற்படுத்தப்பட்டோருக்கும் சேர்த்தார்கள். பயிற்சி முடிந்தால் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உதவித்தொகையும் குறைவு. ஆனால் கையில் ஒரு சான்றிதழும், தெருவுக்கு வெளியே ஒரு வருடப் பழக்கமும் கிடைக்கும். அந்தப் பழக்கம்தான் நமக்கு இல்லாதது. எத்தனை நிறுவனங்கள் இதைச் செய்கின்றன என்று நம்மில் யார் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம்?

அரசுத் தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முகவரி பார்க்காத வாசல் அது ஒன்றுதான், 69 சதவீத இடஒதுக்கீடு நம் முன்னோர் போராடி வாங்கியது. ஆனால் 2024 குரூப் 4இல் அறிவித்த 6,244 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இருபத்தெட்டு வயது வரை அதையே நம்பி உட்கார்ந்திருந்த பையன்கள் எங்கள் தெருவில் உண்டு, நடுவில் கைச்செலவுக்கு வேனில் ஏறியவர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் ஆங்கிலவழி என்பதால் தனக்கு இல்லை என்று தம்பி நினைத்திருந்தான். குரூப் 4க்குத் தகுதி பத்தாம் வகுப்புதான், ஒன்றிலிருந்து பத்துவரை அவன் தமிழ்வழி. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

பெண்களுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. வேலை கிடைத்தாலும் விடுதியில் தங்க வீட்டில் விடமாட்டார்கள், ‘எதுவும் ஆயிட்டா’ என்று. ஆனால் வேனில் அனுப்புவார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியும், 2021 பிப்ரவரி 12 அச்சங்குளமும் எங்கள் மாவட்டத்தில்தான் நடந்தன. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னபோது ஒரு பெண்ணின் அம்மா எழுந்து போய்விட்டார். சொன்ன விதம் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அவரும் மறுநாள் காலை வேனில் ஏற வேண்டியவர்தான்.

பதினோரு பேரில் ஒருவன் ஊரின் அந்தப் பக்கத்துப் பையன், வேறு சாதி. ஐடிஐ ஃபிட்டர். அவன் சாதிக்குச் சங்கம் இருக்கிறது, அந்தச் சங்கத்தில் ஏழைக்கு இடமில்லை என்பதால் எங்களிடம் வந்தான். வீட்டில் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறான். எங்கள் நோட்டில் அவன் எழுதிய ஒன்பது பெயரில் ஓசூர் தொழிற்பேட்டை மேற்பார்வையாளர் ஒருவரும் இருந்தார். கிரானோவெட்டர் சொன்ன தூரத்துப் பழக்கம் இதுதான் என்று நான் பாடம் எடுக்கவில்லை, மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் நாமே செய்துகொள்ள வேண்டுமென்றால், வாசலை அடைத்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனுக்குப் பயிற்சி தருவதாகாதா என்று ஒரு தோழர் கேட்டார். கேள்வி சரி. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசின் குறைந்தபட்சச் செயல்திட்டத்தில் தனியார் துறை இடஒதுக்கீடு பேசப்பட்டது. தொழிலதிபர் சங்கங்கள் தாங்களாக முன்வந்து நடத்தை நெறி வகுக்கிறோம் என்றன, சட்டம் வரவேயில்லை. அந்தச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன், செலவே இல்லாத இரண்டு கோரிக்கைகளை நம் இயக்கங்கள் எங்கள் பகுதியில் இருந்தே தொடங்கலாம். ஆலைக்குள் எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும், கணக்குப்பிள்ளை வேலை உட்பட, கேட்டில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். தனியார் விண்ணப்பப் படிவத்தில் சாதி, மதம், தந்தை தொழில் ஆகிய கட்டங்களைத் தடை செய்ய வேண்டும். வேனுக்கு ஆள் வேண்டுமென்றால் தெருவுக்கு வரத் தெரிகிறதல்லவா?

தம்பி போன வாரம் அந்த ஓசூர் மேற்பார்வையாளரிடம் பேசினான். பக்கத்தில் ஜோடியாக உட்கார்ந்திருந்தவன் அந்த ஃபிட்டர் பையன். “சொந்த ஊர் எது தம்பி?” என்று அவரும் கேட்டார். “விருதுநகர் பக்கம் ஆனைக்குட்டம் சார். ஆப்செட் மெஷின்ல ரோலர், பேரிங் வேலை பார்த்திருக்கேன். உங்க யூனிட்ல அப்ரன்டிஸ் எப்ப எடுப்பீங்க?” குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அவர் இரண்டு நிமிடம் பேரிங் பற்றிப் பேசினார். பிறகு, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை. நோட்டில் அவர் பெயருக்கு எதிரே தம்பி ‘வியாழன், மதியம் ஒரு மணிக்கு மேல்’ என்று எழுதி வைத்திருக்கிறான்.